பதினாலு பேருக்கும் ஒரே நாள்

என் பள்ளிக்கூடச் சான்றிதழைப் பாத்தா, ஒரு பெரிய தலைவர் பொறந்த அதே தேதியில நானும் பொறந்தவ. நான் மட்டுமில்லீங்க, என்னோட ஒண்ணாப்புச் சேந்த பதினாலு பேருக்கும் அதே தேதிதான். கொல்லிமலையில ஒரே நாள்ல பதினாலு பொம்பளைங்களுக்கு வலி வந்துச்சுன்னு எவனாச்சும் சொன்னா நம்புவீங்களா? கவருமெண்டு நம்புச்சு. இன்னைக்கு வரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருக்குது.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துல எங்க ஊர்ல தேதி குறிச்சு வெச்சுப் பிள்ளை பெத்தவங்க யாருமில்லே. சாமை அறுப்புக்கு முன்னே, பலா பழுக்கறப்ப, நோம்பி முடிஞ்ச மூணாம் நாள், இப்படித்தான் சொல்லுவாங்க. இதெல்லாம் ரெஜிஸ்டர்ல ஏறுமா? கீழ இருந்து வந்த எங்க ஹெட்மாஸ்டருக்கு அந்தத் தலைவர் மேல உசுரு. தலைவர் செத்து மூணு வருஷம் ஆகியும் அவர் பொறந்த நாளானா படத்துக்கு மாலை போட்டு, ஆளுக்கு ரெண்டு ஆரஞ்சு மிட்டாய் குடுப்பாரு. அந்தத் தேதியவே எங்க எல்லாத்துக்கும் எழுதிட்டாரு. “நாடே கொண்டாடற நாளு, சாவுற வரைக்கும் மறக்காது”ன்னாராம். நல்ல மனுசன்தான். அவரு நல்லதுன்னு நெனச்சுச் செஞ்சது எனக்கு வெனையா முடிஞ்சுது.

வருஷத்துலயும் தப்பு. வலது கையத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொட்டா அஞ்சு வயசுன்னு அர்த்தம். அதுதான் அப்ப பரீட்சை. எனக்கு அப்ப மூணுதான் இருக்கும். பக்கத்து ஊட்டுப் பிள்ளைங்க பின்னாலயே மதியச் சோத்து வாசத்துக்கு ஓடிப் போனவ நானு. கை எட்டலே. தலையச் சாய்ச்சேன், எட்டிருச்சு. ஹெட்மாஸ்டர் பாத்தும் பாக்காத மாதிரி எழுதிக்கிட்டாரு, அவருக்கும் தலைக்கணக்கு வேணுமில்ல. அன்னைக்குத் தலையச் சாய்ச்சதுக்கு நாப்பது வருஷங்கழிச்சு எனக்கு ஆப்பு வரும்னு யாரு கண்டா?

வந்துச்சுங்க. நான் எங்க ஊர் அரசுப் பள்ளி விடுதியில சமையலுக்கு இருந்தேன். தற்காலிகம்தான். பதினோரு வருஷம் தற்காலிகமா இருந்தா அதுக்கு வேற பேரு வெக்கணும், ஆனா யாரும் வெக்கலே. எளுவது எம்பது பிள்ளைங்களுக்கு மூணு வேளையும் ஆக்கிப் போட்டேன். எந்தப் பிள்ளைக்குக் கத்திரிக்கா ஆகாது, எது ராத்திரி சோறு பத்தாம அழும், அத்தனையும் எனக்குத் தெரியும். போன வருஷம் பலாப்பழக் காலத்துல நிரந்தர வேலைக்கு ஆள் எடுக்கறாங்கன்னு நோட்டீஸ் ஒட்டுனாங்க. வயசு நாப்பத்தஞ்சைத் தாண்டியிருக்கக் கூடாது. காகிதத்துல எனக்கு நாப்பத்தஞ்சு தாண்டி நாப்பத்தாறு ஆகப் போகுது. நெசத்துல நாப்பத்தஞ்சைத் தொடவே இல்லே. நிரந்தர ஆளு வந்துட்டா தற்காலிகமெல்லாம் ஊட்டுக்குக் கெளம்ப வேண்டியதுதான். மக அப்பத்தான் பன்னெண்டாவது முடிச்சு, நர்ஸிங்குக்குப் போறேன்னு நின்னுக்கிட்டு இருந்தா. எங்க ஊட்டுக்காரரு காளப்பநாயக்கன்பட்டியில கட்டட வேலை பாத்துட்டு வாரம் ஒருக்கா மலையேறி வாரவரு. அவரு கூலிய நம்பி எதையும் தொடங்க முடியாது.

கடைசித் தேதிக்கு மூணு வாரம் இருந்துச்சு. அந்த மூணு வாரமும் என் காலு தரையில பாவலே. அடுப்புல பருப்பை வெச்சுட்டு நோட்டீஸைப் போய்ப் படிப்பேன், எளுத்து மாறியிருக்குமோங்கற மாதிரி. சாம்பாருக்கு ரெண்டு தடவை உப்பைப் போட்டுட்டு எதுக்க வந்த பிள்ளைகளை வைவேன். ராவெல்லாம் பொரண்டு பொரண்டு படுத்தா மக எந்திரிச்சு, “அம்மா, பாயாச்சும் தூங்கட்டும், விடு”ங்கறா.

என் நெசமான நாளைச் சொல்ல வேண்டியவ எங்கம்மா ஒருத்திதான். அப்பா போயி ஆறு வருஷமாச்சு. அம்மா வாயத் தொறந்தாத்தானே! சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கறேன். ஒருக்கா, “சாமை அறுப்புல”ம்பா. இன்னொருக்கா, “மழை பேஞ்சுது, போ”ம்பா. ரொம்ப நோண்டுனா, “பொறந்துதானே நிக்கற, அப்புறம் என்ன விசாரணை”ன்னுட்டு மொறத்தை எடுத்துக்கிட்டு எந்திரிச்சுருவா. இந்தத் தடவை அழுதே கேட்டேன். “ஏம்மா, வேலை போகுதுங்கறேன், உனக்கு வாயில என்ன கொழுக்கட்டையா?”ன்னேன். அவ என்னைய ஒரு பார்வை பாத்தா, எந்திரிச்சு மிளகு காயப் போடப் போயிட்டா. எனக்கு வந்த ஆத்தரத்துக்குப் படலை எட்டி ஒதைச்சு, அது திரும்ப வந்து என் மொழங்காலுலயே அடிச்சுது.

எங்கம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு, அதை இங்க சொல்லிடணும். பொறந்த நாளுக்கு மிட்டாய் குடுத்தாங்கன்னேனே, அந்தத் தலைவரோட நினைவு நாளும் வருஷா வருஷம் வரும், பனி எறங்கி மலையே கண்ணுக்குத் தெரியாமக் கெடக்கற காலத்துல. அன்னைக்கு அம்மா பச்சத் தண்ணி பல்லுல படாம இருப்பா. காலையிலயே சுவத்து மாடக்குழியில வெளக்கு ஏத்திருவா. அப்பா அன்னைக்கு மட்டும் ஊட்டுல இருக்க மாட்டாரு, புளியஞ்சோலைக்கு எறங்கற ஒத்தையடிப் பாதை மொனைக்குப் போயி ஒண்டியா உக்காந்துக்குவாரு. பொழுது சாயற நேரத்துக்கு அம்மா தினைமாவுல தேனை ஊத்திப் பெசஞ்சு உருண்டை புடிப்பா. தெருப் பிள்ளைங்களை எல்லாம் கூப்பிட்டு உக்கார வெப்பா. மொத உருண்டை எனக்கு. தன் கையால என் வாயில ஊட்டி வுட்டுட்டுத்தான் மத்ததுகளுக்கு. கண்ணாலமாகிப் பிள்ளை பெத்த பொறவும் விடலே. “எனக்கென்ன சின்னப் பிள்ளையா?”ன்னு சொல்லிக்கிட்டே வாயத் தொறப்பேன்.

அது தலைவர் மேல அவளுக்கு இருக்கற பக்தின்னு நான் முடிவு கட்டிட்டேன். நெனச்சதோட நின்னிருந்தாப் பரவாயில்லே, ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன். எங்க பதினாலு பேர்ல ஒருத்தன் கட்சியில கிளைச் செயலாளர். பொறந்த தேதியக் காட்டியே பதவி வாங்குனவன் அவன். “தலைவரும் நானும் ஒரே நாளு”ன்னு மைக்குல சொல்லுவான், கேக்கறவங்க கை தட்டுவாங்க. அவங்கிட்ட ஒரு நாளு நான்தான், “எங்கம்மா நினைவு நாளைக்கு வெரதம் இருக்கறாப்பா, இத்தனை வருஷமா”ன்னு பெருமையா எடுத்து வுட்டேன். மறுவாரமே தலைவர் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொண்டாந்து, மாடக்குழிக்கு மேல ஆணியடிச்சு மாட்டிட்டுப் போனான். அம்மா வேண்டான்னும் சொல்லலே, வேணும்னும் சொல்லலே. வெளக்கு அந்த மாடக்குழியில படம் வாரதுக்கு முன்னாலயே எரிஞ்சுதுங்கறது என் மரமண்டையில அன்னைக்கு ஏறலே.

வருஷா வருஷம் தலைவர் பொறந்த நாளைக்குச் செம்மேட்டுல மேடை போடுவாங்க. ஃப்ளெக்ஸ், டிரம் செட்டு, அண்டா அண்டாவா பிரியாணி, தலைவர் மூஞ்சி போட்ட கேக்கு. “தலைவரோடு பிறந்த பதினான்கு மலையின் மைந்தர்கள்”னு எங்களை மேடையேத்திப் பொம்பளைங்களுக்குச் சேலை, ஆம்பளைங்களுக்கு வேட்டி குடுப்பாங்க. மைந்தர்கள்ல ஒம்பது பேரு பொம்பளைங்க, அதை யாரு கேக்கறா? முதல்ல பதினாலு பேரும் போனோம். ரெண்டு பேரு செத்துப் போனாங்க, மூணு பேரு திருப்பூருப் பக்கம் போயிட்டாங்க. இப்ப ஏழெட்டுப் பேரு போவோம். கேக்குல தலைவர் மூக்குல எவனும் கத்தி வெக்கப் பயந்துக்கிட்டு ஓரத்துலயே வெட்டிக்கிட்டு இருப்பான்.

போன வருஷம் விழாவுக்கு நாலு நாளு முன்னால கிளைச் செயலாளரு விடுதிச் சமையக்கட்டுக்கே வந்துட்டான்.

“ஏம்புள்ள, இந்தத் தடவை மெட்ராஸ்ல இருந்து பெரியவர் வர்றாரு. அத்தையை மேடையேத்துறோம். நாப்பது வருஷமா வெரதம் இருக்கற தாய்னு பொன்னாடை. அத்தை ரெண்டே வார்த்தை பேசட்டும். அந்தக் கையோட, வயசைத் திருத்தித் தரச் சொல்லி நீ ஒரு மனு எழுதிப் பெரியவர் கையில வெச்சரலாம். அவரு ஒரு போன் போட்டா முடிஞ்சுது.”

“நெசமாவா?”

“தலைவர் மேல சத்தியமா.”

“அவர் செத்துப் பல வருஷம் ஆச்சு, உன் தலைமேல பண்ணு”ன்னேன். பண்ணுனான்.

அம்மாகிட்டப் போயி நின்னேன். “மேடையேறி, தலைவருக்காக வெரதம் இருக்கறேன்னு ஒரு வார்த்தை சொல்லு. போதும். நான் வேற ஒண்ணுமே கேக்கலே”ன்னேன். அவ மரவள்ளிக் கெழங்கை உரிச்சுக்கிட்டே இருந்தா. “எனக்கு மேடையெல்லாம் ஆகாது சாமி”ன்னா. நான் விடலே. கெஞ்சுனேன், கத்துனேன், சோறு வேண்டான்னு படுத்தேன். “உம் பேத்தி படிக்கறது உனக்குப் புடிக்கலையா?”ன்னு கூடக் கேட்டேன். அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது. அவ கத்தியக் கீழ வெச்சா. “சரி, வாரேன். ஆனா எனக்கு வாரதத்தான் பேசுவேன்”ன்னா. எனக்குச் சந்தோசம் தாங்கலே. அவ சொன்னதுல பின்பாதி என் காதுல வுழவே இல்லே.

விழா அன்னைக்குப் பெரியவர் பதினோரு மணிக்கு வர வேண்டியவரு. அடிவாரத்துல காரவள்ளியில இருந்து கார் ஏறிருச்சுன்னு போன் வந்துச்சு. அப்புறம் எளுவது வளைவையும் முடிச்சுக்கிட்டு வர்றதுக்கு ஒரு மணி ஆயிருச்சு, நடுவுல மூணு எடத்துல எறங்கி வாந்தி எடுத்தாராம். மேடையேறறப்ப மூஞ்சி வெளுத்து, உள்ளங்கையில ஒரு எலுமிச்சம்பழத்தை வெச்சு மோந்துக்கிட்டே கும்புட்டாரு. எங்க சனங்க அதைப் பாத்துச் சிரிச்சாங்க. நான் சிரிக்கலே. மனுவை ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, பந்தலுக்கும் ரோட்டுக்குமா நடந்துக்கிட்டு இருந்தேன். விடுதியில சாம்பாரைப் பாதியில வுட்டுட்டு வந்திருந்தேன். வேர்வையில காகிதம் ஒட்டி ஒட்டி வந்துச்சு.

எங்களுக்குச் சேலை குடுத்து முடிச்சு எறக்கி வுட்டாங்க. அப்புறம் அம்மாவை ஏத்துனாங்க. கிளைச் செயலாளர் மைக்கைப் புடிச்சுக்கிட்டுத் தாய்மை, தியாகம், தொண்டுன்னு அடிச்சு வுட்டான். பெரியவர் எலுமிச்சம்பழத்தை இடது கைக்கு மாத்திக்கிட்டுப் பொன்னாடையப் போத்துனாரு. “அம்மா ரெண்டு வார்த்தை பேசுவாங்க”ன்னு மைக்கை நீட்டுனாங்க. அம்மா மைக்கைப் பாத்தா, கீழ இருந்த என்னையப் பாத்தா. நான் கையக் கையக் காட்டுனேன், பேசு, பேசுன்னு.

“நான் வெரதம் இருக்கறது நெசந்தானுங்க”ன்னா. எல்லாரும் கை தட்டுனாங்க. அவ தட்டி முடியட்டும்னு நின்னா.

“ஆனா அவருக்கு இல்லீங்க. எம் பையனுக்கு.”

எனக்கு முன்னால ஒரு அண்ணன் இருந்தான், நாலு வயசுல காச்சல்ல போயிட்டான்னு எனக்குத் தெரியும். எப்பன்னு கேட்டா, “நீ பொறக்கறதுக்கு முன்னால”ம்பாங்க. அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க, நானும் கேட்டதில்லே.

அம்மா பேசிக்கிட்டே போனா, கெழங்கு உரிக்கற மாதிரி நிதானமா. “பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே கொண்டு போங்கன்னு இங்க டாக்டர் ராத்திரியில சீட்டு எழுதிக் குடுத்தாரு. மறுநாள் விடியறப்பத் தலைவர் செத்துட்டாருன்னுட்டாங்க. பஸ்ஸு ஓடலே. கடை இல்லே. வண்டி இல்லே. எங்க ஊட்டுக்காரரு பையனத் தோள்ல போட்டுக்கிட்டுப் புளியஞ்சோலைக்கு நடந்தே எறங்குனாரு. அங்கயும் ஒரு வண்டி இல்லீங்க. மரத்தடியிலயே வெச்சுக்கிட்டுக் கும்புட்டுக்கிட்டு நின்னாராம். அங்கயே போயிட்டான். திரும்பத் தூக்கிக்கிட்டு மலையேறி வந்தாரு. அவனப் பாத்ததும் எனக்கு வலி கண்டுருச்சு. பொழுது சாயறப்ப இவ பொறந்தா.” கையை நீட்டி என்னையக் காட்டுனா. அத்தனை சனமும் திரும்பி என்னையப் பாத்துச்சு.

“எனக்குத் தேதியெல்லாம் தெரியாதுங்க. வருஷா வருஷம் நீங்க கம்பத்துல கொடியப் பாதிக்கு எறக்குவீங்க. அதப் பாத்துத்தான் எம் பையன் நாளு வந்துருச்சுன்னு தெரிஞ்சுக்குவேன். அதுக்கு உங்களுக்குப் புண்ணியமுங்க.” பெரியவரப் பாத்துக் கும்புட்டா. பொன்னாடையை மடிச்சு நாற்காலி மேல வெச்சுட்டு எறங்கிட்டா.

பெரியவர் கை எலுமிச்சம்பழத்தோட அந்தரத்துலயே நின்னுச்சு. எவனோ கண் சாடை காட்ட, டிரம் செட்டுக்காரன் டமடமன்னு ஆரம்பிச்சுட்டான். கிளைச் செயலாளரு மேடை ஓரத்துக்கு வந்து, மனுவைக் கொண்டான்னு எனக்குக் கையக் காட்டுனான். பாவம், அப்பவும் வாக்குத் தவறலே அவன். என் காலுதான் நகரலே. அம்மா என்னையத் தாண்டி ரோட்டுக்குப் போயிக்கிட்டு இருந்தா. அவ பின்னால போறதா, மேடைக்குப் போறதா? ரெண்டும் போகாம நடுவுல நின்னேன். அதுக்குள்ள பெரியவர் கார்ல ஏறிட்டாரு, மறுபடி எளுவது வளைவு எறங்கணுமில்ல.

நெசத்தைச் சொல்றேன். எனக்கு அன்னைக்கு அழுகை வரலே, ஆத்தரந்தான் வந்துச்சு. செத்த பையனுக்காக உசுரோட இருக்கற மக பொழப்பைக் கெடுத்துட்டாளேன்னு. ஊட்டுக்கு வந்து, “நாப்பத்து நாலு வருஷமா எங்கிட்டச் சொல்லாததை மைக்குலதான் சொல்லணுமா? எங்கிட்டச் சொல்ல உனக்கு என்ன கேடு?”ன்னு கத்துனேன். அவ ஸ்டூலைப் போட்டு ஏறித் தலைவர் படத்தைக் கழட்டுனா. பின்னால அட்டைக்கும் படத்துக்கும் நடுவுல கைய வுட்டு ஒரு காகிதத்தை எடுத்தா. எட்டா மடிச்சது. மடிப்பு மடிப்பா நூலாத் தேஞ்சு போயிருந்துச்சு. ஆஸ்பத்திரி முத்திரை, அண்ணன் பேரு, ஆண், வயது நாலு, உடனே பெரிய ஆஸ்பத்திரி. மேல தேதி, தலைவர் சாவறதுக்கு மொத நாளு.

“இதுல தேதி இருக்குதுன்னு உங்கப்பன் சொன்னாரு. மறுநாளுதான் நீ. கொண்டு போய்க் காட்டு. எனக்கு அவனோடதுன்னு இது ஒண்ணுதான் இருக்குது. பரவால்ல, கொண்டு போ”ன்னா.

வேற துணியோ, போட்டோவோ ஒண்ணுமில்லீங்க. அவன் இருந்தான்ங்கறதுக்கு அந்தச் சீட்டு மட்டுந்தான். கண்ணாடிச் சட்டம் ஊட்டுக்கு வந்தப்புறம், சீட்டு பத்திரமா இருக்கட்டும்னு தலைவருக்குப் பின்னால சொருகி வெச்சிருக்கறா. நாங்க எல்லாம் முன்னால நின்னு தலைவரக் கும்புட்டுக்கிட்டு இருந்திருக்கறோம்.

மறுநாளே தாலுக்கா ஆபீஸுக்குப் போனேன். அங்க இருந்தவரு நல்லாத்தான் பேசுனாரு. சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு. “இது உங்க அண்ணனுதும்மா. உங்க பேரு இதுல இல்லியே. இருந்தாலும் சேத்து மேல அனுப்பிப் பாக்கலாம். ஜெராக்ஸ் ஆகாது, ஒரிஜினல் ஃபைல்ல இருக்கணும்”ன்னாரு. சொல்லிக்கிட்டே ஓட்டை போடற மிசினை எடுத்துச் சீட்டு ஓரத்துல வெச்சாரு. ஓரமெங்க இருக்குது அதுல? அண்ணன் பேருல மொத எளுத்து மேலயே உக்காந்துச்சு அது. அமுக்கப் போறாரு.

வெடுக்குன்னு புடுங்கிட்டேன். அவரு பயந்தே போயிட்டாரு. “என்னம்மா?”

“வேண்டாமுங்க.”

“வேலை வேணும்னீங்க?”

“வேணுமுங்க. இது வேண்டாம்”ன்னுட்டு எந்திரிச்சேன். வெளிய வந்து புளியமரத்தடியில நின்னுதான் அழுதேன். வேலைக்கா, அண்ணனுக்கா, அம்மாவை வஞ்சதுக்கான்னு எனக்கே தெரியலே. மூக்கைச் சிந்திப் புதுச் சேலையிலயே தொடச்சேன், பொறந்த நாளுக்குக் குடுத்த சேலை.

வேலை போயிருச்சு. கடைசித் தேதி முடிஞ்சு ரெண்டு மாசத்துல புது ஆளு வந்துட்டாங்க. கீழ்ப்பக்கத்துப் பொண்ணு, கெட்டவ இல்லே. எந்தப் பிள்ளைக்குக் கத்திரிக்கா ஆகாதுன்னு அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் எறங்குனேன். இப்பக் காட்டு வேலைக்குப் போறேன். மக நர்ஸிங்குக்குப் போகலே, ராசிபுரத்துல ஒரு காலேஜுல சும்மா ஒரு டிகிரிக்குச் சேந்திருக்கறா. அதை நெனச்சா இப்பவும் எனக்கு நெஞ்சு எரியும். எரியலேன்னு பொய் சொல்ல மாட்டேன். சீட்டை அன்னைக்கே அம்மாகிட்டக் குடுத்துட்டேன். அவ ஒண்ணும் கேக்காம பழையபடி படத்துக்குப் பின்னாலயே சொருகி மாட்டிட்டா.

பனிக்காலம் வந்துச்சு. ஒரு நாள் காலையில தண்ணிக்குப் போயிட்டு வாறப்பக் கம்பத்துல கொடி பாதியில நின்னுச்சு. பனியில நனஞ்சு தொங்கிக்கிட்டு. நாப்பத்து நாலு வருஷம் அதைப் பாத்துட்டுப் பேசாமப் போனவ, அன்னைக்குக் கொடத்தை எறக்கி வெச்சுட்டு நின்னேன். எங்கண்ணன் செத்த நாளு. நான் பொறந்த நாளு. இத்தனை வயசுல மொத மொறையா என் பொறந்த நாளு இன்னைக்குன்னு தெரிஞ்சு நிக்கறேன், சிரிக்கறதா அழுவறதான்னு புரியலே. உள்ள இருப்புக் கொள்ளாம அன்னைக்குப் பூரா ஊட்டுக்கும் காட்டுக்குமா நடந்தேன்.

அம்மா வழக்கம் போலக் காலையில வெளக்கு ஏத்துனா. பச்சத் தண்ணி குடிக்கலே. நானும் குடிக்கலே. மத்தியானத்துக்கு மேல அப்பா உக்கார்ற பாதை மொனைக்குப் போயிப் பாத்தேன். கீழ புளியஞ்சோலைப் பக்கம் முழுக்கப் பனி, ஒண்ணுமே தெரியலே. தோள்ல பிள்ளையோட இதுல எறங்கி, அப்புறம் ஏறியும் வந்திருக்கறாரு. திரும்பி வந்துட்டேன்.

பொழுது சாயறப்ப அம்மா தினைமாவுல தேனை ஊத்திப் பெசஞ்சா. தெருப் பிள்ளைங்க வந்து வரிசையா உக்காந்துச்சுங்க. நான் தூணுல சாஞ்சு நின்னேன். இத்தனை மாசமா அடக்கி வெச்சிருந்தது அப்பத்தான் வாயில வந்துச்சு. கோவமில்லாமத்தான் கேட்டேன்.

“ஏம்மா, எனக்குன்னு ஒரு பொறந்த நாளு இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?”

அம்மா மொத உருண்டையைப் புடிச்சு எந்திரிச்சு எங்கிட்ட வந்தா.

“சொல்லாம என்ன? வருஷா வருஷம் ஊரையே கூப்பிட்டு உக்கார வெச்சு, மொத உருண்டைய உனக்குத்தானே ஊட்டுனேன். திங்கத் தெரிஞ்சுது, ஏன்னு கேக்கத் தெரியலையா கண்ணு? வாயத் தொற.”